கை கறுத்தால் கவலை வேண்டாம். களிம்பில் கவனம் வேண்டும்



நாற்று நடவு, களையெடுப்பு, கதிர் அறுப்பு, செங்கல் சூளை, உப்பளம், ரோட்டு வேலை, கருவாடு காயப் போடுவது என்று வெயிலில் நின்று பாடுபட்டால்தான் நம் கிராமத்துக் குடும்பங்களில் உலை கொதிக்கும். அப்படிப் பாடுபடும் கைகள் கறுத்துப் போவது இயற்கை. ரவிக்கைக் கைக்கு உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம். வளையலைக் கழற்றினால் அந்த இடம் மட்டும் வெளுப்பாக வட்டம் போட்டிருக்கும். ஆண்களுக்கும் அப்படியே, சட்டையைக் கழற்றினால் முழங்கையில் கோடு கிழித்தாற்போல் தெரியும்.

இதைப் பார்த்து, "என்ன புள்ள, கை ரெண்டும் கரிக்கட்டை மாதிரி ஆயிட்டுது?" என்று வீட்டுக்காரர் விளையாட்டாகச் சொல்லிவிடுகிறார். சொன்னவர் மறந்து விடுகிறார். கேட்டவள் மறப்பதில்லை. அடுத்த சந்தை நாளில் ஒரு கடையில் "இதைப் பூசும்மா, ஒரே வாரத்துல வெளுத்துடும்" என்று ஒரு டியூப்பைக் கொடுக்கிறார்கள். அதை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பூசிக் கொள்கிறாள். அவள் வயிற்றில் மூன்று மாதக் கரு இருந்தால்? மடியில் பால் குடிக்கும் குழந்தை இருந்தால்? அந்த டியூப்பில் என்ன மருந்து இருக்கிறது என்று யாராவது கேட்டார்களா?

இந்தப் பிரசுரம் அதற்காகத்தான். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவருக்குப் படிக்க வராவிட்டால் மற்றவர் வாசித்துக் காட்டுங்கள்.

வெயிலில் கை ஏன் கறுக்கிறது?

நம் மேல்தோலின் அடி அடுக்கில் நிறமி செய்யும் உயிரணுக்கள் இருக்கின்றன. அவை செய்யும் நிறமிக்கு மெலனின் என்று பெயர். சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. அந்தக் கதிர்கள் தோலைத் தாக்கும்போது, தோல் தன்னைக் காத்துக் கொள்ளக் கூடுதலாக மெலனினைச் செய்கிறது. ஒவ்வொரு உயிரணுவின் நடுவிலும் விதை போல ஓர் உட்கரு இருக்கிறது. மெலனின் அந்த உட்கருவின் மேல் குடை பிடித்தாற்போல் வந்து உட்கார்ந்து கொள்ளும். குடை கறுப்பு, ஆகையால் தோலும் கறுப்பு.

ஆக, வெயில் கறுப்பு ஒரு நோயல்ல, அழுக்கும் அல்ல. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது போகாது, ஏனென்றால் அது தோலுக்கு மேலே ஒட்டியிருப்பது அல்ல, தோலுக்குள்ளேயே இருப்பது. நம் தோலில் இயற்கையாகவே நிறமி அதிகம். வெளுத்த தோல் உள்ளவர்களைப் போல நாம் வெயிலில் எளிதில் வெந்து போகாமல் இருப்பதும், வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடையே குறைவாக இருப்பதும் இதனால்தான். கறுப்பைப் பழிக்கும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அளவுக்கு மீறிய வெயில் கெடுதல்தான். தோல் வறண்டு சுருங்கும், புள்ளிகள் விழும், சொரசொரப்பாகும், எரியும். ஆகவே கையை வெயிலிலிருந்து காப்பது நல்லதே. நிறத்துக்காக மட்டுமல்ல, தோலின் நலத்துக்காக.

எத்தனை நாளில் மாறும்?

மேல்தோல் தானாகவே பழையதை உதிர்த்துப் புதியதை வளர்க்கிறது. அடியில் பிறந்த உயிரணு மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாக ஆகும். வெயில் படாமல் மறைத்து வந்தால் கறுப்பு மெல்ல மெல்லக் குறையும். சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். பல வருடம் வெயிலில் வேலை செய்த கைக்குச் சில மாதங்கள் ஆகும்.

எந்த அளவுக்குக் குறையும் என்று தெரிய வேண்டுமா? உங்கள் மேற்கையின் உட்புறத்தை, அக்குளுக்குச் சற்றுக் கீழே பாருங்கள். அதுதான் நீங்கள் பிறந்த நிறம். கை அந்த நிறத்துக்குத் திரும்பலாம். அதைத் தாண்டி வெளுக்க வைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் உங்கள் தோலைக் கெடுக்கப் போகிறார் என்று பொருள்.

முதல் மருந்து மறைப்பு

வெயில் பட்டுக்கொண்டே இருக்கும்போது எதைப் பூசினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். அதற்குச் செலவு அதிகம் இல்லை.

1. சட்டை: வயல் வேலைக்குப் போகும் பெண்கள் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக் கொள்வதை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். மிகவும் நல்ல பழக்கம். தொளதொளவென்ற பருத்திச் சட்டையாக இருக்கட்டும். காற்றும் போகும், வியர்வையும் உறிஞ்சும். நெருக்கமாக நெய்த, கொஞ்சம் அடர்ந்த நிறத் துணி வெயிலை நன்றாகத் தடுக்கும். மெல்லிய வெள்ளைத் துணி நனைந்துவிட்டால் வெயில் ஊடுருவும். பித்தானை மணிக்கட்டு வரை போடுங்கள்.

2. கை உறை: புறங்கைதான் அதிகம் கறுக்கும் இடம். பழைய பருத்திக் காலுறையின் நுனியையும் கட்டைவிரலுக்கு ஓர் ஓட்டையையும் வெட்டிப் போட்டுக் கொண்டால் போதும், விரல்கள் வேலைக்குத் தடையில்லாமல் இருக்கும். சேற்று வேலை முடிந்ததும் கழற்றித் துவைத்துக் காயப் போடுங்கள். ஈர உறையை நாள் முழுதும் போட்டிருந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும்.

3. நேரம்: காலை பத்து மணி முதல் பிற்பகல் நான்கு மணி வரை கதிர்களின் கடுமை அதிகம். கடிகாரம் வேண்டாம், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களை விடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமையான நேரம். முடிந்த வேலையை விடியலிலும் சாயங்காலத்திலும் வைத்துக் கொள்ளுங்கள். உச்சி வேளையில் மரத்தடியில் சற்று இளைப்பாறுங்கள். கறுப்புக்கு மட்டுமல்ல, வெப்ப மயக்கம் வராமல் இருக்கவும் இதுவே வழி.

4. மேகத்தை நம்பாதீர்கள்: "இன்னைக்கு வெயிலே இல்லையே" என்பார்கள். புற ஊதாக் கதிரில் பெரும் பகுதி மெல்லிய மேகத்தைத் தாண்டி வந்துவிடும். உப்புப் பாத்தி, மணல், தண்ணீர் இவற்றில் பட்டுத் தெறித்தும் வரும். ஆகவே உப்பளத்தில் வேலை செய்பவர்களும் மீனவர்களும் குடை, தொப்பி இருந்தாலும் கையை மூடத்தான் வேண்டும்.

வெயில் தடுப்புக் களிம்பு என்று கடைகளில் கிடைக்கிறது. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்டிருக்க வேண்டும். வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்பு புறங்கை, முன்கை முழுதும் தாராளமாகப் பூச வேண்டும். இரண்டு மணிக்கு ஒருமுறையும், கை நனைந்தாலும் மறுபடி பூச வேண்டும். சேற்றிலும் தண்ணீரிலும் கை வைக்கும் வேலைக்கு இது நிற்காது. வாங்க வசதி உள்ளவர்கள் பஸ் பயணம், திருவிழா, சைக்கிளில் போவது போன்றவற்றுக்குப் பயன்படுத்தலாம். உழைக்கும் கைக்குத் துணியே மேல்.

வீட்டில் என்ன செய்யலாம்?

வேலை முடிந்து வந்ததும் கையைத் தண்ணீரில் கழுவுங்கள். காரம் மிகுந்த சோப்புக்குப் பதில் பயத்தமாவு போதும். ஈரம் முழுக்கக் காயும் முன் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை இரு கைகளிலும் தடவிக் கொள்ளுங்கள். வறண்டு வெடித்த தோல் இருப்பதை விடக் கறுப்பாகத் தெரியும். எண்ணெய்ப் பசை ஏறினால் தோல் மிருதுவாகி நிறமும் தெளிவாகத் தெரியும். ஆனால் எண்ணெய் வெயிலைத் தடுக்காது என்பதை மறக்க வேண்டாம்.

கெட்டித் தயிரைப் பத்து நிமிடம் பூசிக் கழுவலாம். சோற்றுக் கற்றாழையின் உள் சதையைப் பூசலாம். இவற்றால் தோல் மிருதுவாகும், எரிச்சல் தணியும். மாயம் எதுவும் நடக்காது. அரிப்போ தடிப்போ வந்தால் நிறுத்திவிடுங்கள்.

எதைச் செய்யக் கூடாது?

எலுமிச்சம் பழத்தைக் கையில் தேய்த்துக் கொண்டு வெயிலில் போகவே கூடாது. எலுமிச்சைச் சாற்றில் உள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்தால் தோலைப் பொசுக்கும். கொப்புளம் போட்டு, ஆறிய பின் முன்பிருந்ததை விடக் கறுத்த திட்டு மாதக் கணக்கில் நிற்கும். கறுப்பைப் போக்கப் போய்க் கறுப்பை வாங்கி வருவது இப்படித்தான்.

சோடா மாவு, பற்பசை, சலவைத் தூள், பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் ஆகிய எதையும் கையில் பூசக் கூடாது. செங்கல் துண்டு, தேங்காய் நார், கருங்கல் கொண்டு பரபரவென்று தேய்க்கவும் கூடாது. நம் தோலுக்கு ஒரு குணம் உண்டு: புண்பட்ட இடம் ஆறும்போது கறுத்தே ஆறும்.

கடை டியூப்பில் என்ன இருக்கிறது?

வெளுக்க வைக்கும் என்று விற்கும் எல்லாக் களிம்பும் விஷம் என்று சொல்லவில்லை. ஆனால் "ஒரே வாரத்தில் வெளுக்கும்" என்று விற்பவற்றில் மூன்று பொருள்களைப் பற்றி நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஒன்று, ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று முடியும் பெயர்கள் டியூப்பில் சின்ன எழுத்தில் இருக்கும். சில தோல் நோய்களுக்கு டாக்டர் குறிப்பிட்ட நாள்களுக்கு எழுதித் தரும் நல்ல மருந்து இது. ஆனால் நிறத்துக்காக மாதக் கணக்கில் பூசினால் தோல் காகிதம் போல் மெலியும், நரம்பு தெரியும், லேசாக இடித்தாலே இரத்தம் கட்டும். நிறுத்தினால் முன்னை விட மோசமாகக் கறுக்கும். படர்தாமரை உள்ளவர் பூசினால் அரிப்பு அடங்கியது போலத் தோன்றும். உள்ளே படை பரவிக்கொண்டே போகும். 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இரண்டு, ஹைட்ரோகுவினோன். இதுவும் டாக்டர் பார்வையில் சில காலம் மட்டும் பூச வேண்டியது. நீண்ட நாள் பூசினால் நீலம் கலந்த கறுப்புத் திட்டு விழுந்து, பிறகு எளிதில் போவதில்லை.

மூன்று, பாதரசம். இது மூன்றிலும் கொடியது. நிறமி செய்யும் வேலையைப் பாதரசம் முடக்கிவிடும். அதனால் சீக்கிரம் வெளுப்பது போலத் தெரியும். ஆனால் அது தோல் வழியே உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். நம் அண்டை மாநிலமான கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு ஒரே விதமான பாதிப்பு இருந்தது. அவர்களில் 13 பேர் நிறம் வெளுக்கும் க்ரீம் பூசி வந்தவர்கள்! க்ரீமை நிறுத்திய பிறகு பெரும்பாலோர் தேறினார்கள். ஆகவே பயந்து உட்கார வேண்டாம். நிறுத்துங்கள், டாக்டரிடம் போங்கள்.

நம் நாட்டில் அழகுப் பொருள்களில் பாதரசம் சேர்ப்பதற்குச் சட்டம் இடம் தரவில்லை. இருந்தும் திருட்டுத்தனமாக விற்கிறார்கள். டியூப்பில் செய்தவர் விலாசம் இல்லை, லைசென்சு எண் இல்லை, சேர்ந்துள்ள பொருள்களின் பட்டியல் இல்லை என்றால் தொடாதீர்கள். மெர்குரி, கலோமெல் என்ற பெயர் இருந்தாலும் வேண்டாம். பட்டியலில் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கக்கூடும். சில நாளிலேயே வெளுத்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம்.

கால், முகம் வீங்குவது, சிறுநீர் நுரை நுரையாகப் போவது, கை நடுக்கம், தூக்கமின்மை இவை கண்டால் உடனே டாக்டரிடம் போய், பூசிய டியூப்பையும் கையோடு காட்டுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் நோய் எதனால் என்று அவருக்குத் தெரியாமலே போகும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும்

கர்ப்ப காலத்தில் கன்னம், வயிற்றுக் கோடு, முலைக்காம்பு கறுப்பது இயல்பு. பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் குறைந்துவிடும். இதற்கு மருந்து எதுவும் வேண்டாம்.

தாயின் உடம்பில் சேரும் பாதரசம் நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகும். வளரும் குழந்தையின் மூளையையும் நரம்பையும் கெடுக்கும். தாய்ப்பாலிலும் சேரும். பூசிய கையாலேயே குழந்தையைத் தூக்குகிறோம், குழந்தை அந்த விரலைச் சப்புகிறது, தலையணையிலும் துண்டிலும் ஒட்டுகிறது. பூசுவது ஒருவர், ஆபத்து வீட்டுக்கே. ட்ரெட்டினாயின் என்ற மருந்து கலந்த களிம்பும், ஹைட்ரோகுவினோனும் கர்ப்ப காலத்தில் கூடாது. குழந்தைக்காக எண்ணியிருக்கும் தம்பதிகள் இப்போதே நிறுத்திவிட வேண்டும்.

எல்லாக் கறுப்பும் வெயில் கறுப்பல்ல

வெயில் கறுப்பு வலிக்காது, அரிக்காது, மறைத்தால் குறையும். அப்படி இல்லாமல் கீழே சொன்னபடி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

இரு புறங்கைகளிலும் கையுறை போட்டாற்போல் ஓர் எல்லையோடு கறுத்துச் செதில் உதிர்வது, கழுத்தைச் சுற்றி மாலை போல் கறுப்பது, கூடவே வயிற்றுப்போக்கு, மறதி, மனக்குழப்பம் இருப்பது பெல்லாக்ரா என்ற சத்துக்குறைவாக இருக்கலாம். சரியாகச் சாப்பிடாமல் நாள்தோறும் குடிப்பவர்களுக்கு இது வரும். "எங்க வீட்டுக்காரருக்கு வெயில்ல கை கறுத்துப் போச்சு" என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. வைட்டமின் மாத்திரையால் குணமாகும். நிலக்கடலை, மீன், முட்டை, பருப்பு நல்ல உணவு.

விரல் முட்டிகளும் நகத்தைச் சுற்றியும் கறுத்து, நாக்கு வழுவழுவென்று சிவந்து எரிந்து, கை கால் மதமதத்தால் பி12 வைட்டமின் குறைவாக இருக்கலாம். பால், தயிர், முட்டை, மீனில் இச்சத்து உண்டு. இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் தடித்து வெல்வெட்டுத் துணி போல் கறுத்தால் அழுக்கு என்று தேய்க்காதீர்கள்; சர்க்கரை பரிசோதனை செய்யுங்கள்.

பார்த்தீனியச் செடியைப் பிடுங்கியதும், சிமெண்டு குழைத்ததும், பூச்சிமருந்து தெளித்ததும் கை அரித்துக் கறுத்தால் அது ஒவ்வாமை. கை உறை போட்டுத்தான் அந்த வேலை செய்ய வேண்டும்.

உணர்ச்சியில்லாத வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை அவசியம். சிகிச்சை இலவசம். ஏற்கெனவே தொழுநோய்க்குக் கூட்டு மருந்து சாப்பிடுபவர்களுக்கு அதிலுள்ள க்ளோஃபசிமைன் என்ற மருந்தால் தோல் கறுக்கும். சிகிச்சை முடிந்தபின் மெல்ல மாறிவிடும். கறுக்கிறதே என்று மாத்திரையை நிறுத்தவே கூடாது.

தம்பதிகள் கேட்கும் கேள்விகள்

"கையை மூடிக்கிட்டா வெயில்ல கிடைக்கிற சத்து கிடைக்காம போயிடாதா?"

வெயில் பட்டால் உடம்பு வைட்டமின் டி செய்து கொள்வது உண்மை. வயலில் வேலை செய்பவர்களுக்கு முகம், கழுத்து, பாதம் இவற்றில் வெயில் படத்தான் செய்கிறது. அதற்காகக் கையை நாள் முழுதும் பொசுக்க வேண்டியதில்லை.

"மருந்து சாப்பிட ஆரம்பிச்ச பிறகு கை சீக்கிரமா கறுக்குதே?"

டாக்சிசைக்ளின் போன்ற சில மாத்திரைகளும், சில இரத்த அழுத்த மாத்திரைகளும் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள், கையை மூடி வையுங்கள்.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், கை மட்டும் கறுப்பா இருக்கே, என்ன செய்யலாம்?"

இரண்டு மூன்று மாதம் முழுக்கைச் சட்டை போட்டு மறைத்து, எண்ணெய் தடவி வரட்டும், தானே குறையும். வந்தவர்கள் கையின் நிறத்தைப் பார்த்து வேண்டாம் என்றால், அந்த இடத்தில் பெண் கொடுக்காததே நலம். சிறுநீரகம் கெட்டபின் எந்த நிறமும் உதவாது.

கணவன்மார்களுக்கு

அந்தக் கை கறுத்தது உங்கள் வயலில்தான், உங்கள் அடுப்பில்தான். நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யாதீர்கள். பிள்ளைகள் முன் சொல்லவே சொல்லாதீர்கள். ஒரு முழுக்கைச் சட்டை எடுத்துக் கொடுங்கள். உச்சி வெயிலில் செய்ய வேண்டிய வேலையைப் பங்கு போட்டுக் கொள்ளுங்கள். வீட்டில் ஏதாவது டியூப் இருந்தால் கோபப்படாமல், "என்ன பூசுற? வா, நர்சம்மாகிட்ட காட்டுவோம்" என்று கூட்டிக்கொண்டு போங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் வீட்டுக்காரரும் வெயிலில்தான் நிற்கிறார். அவர் தோளில் கிடக்கும் துண்டு தலைக்கும் கழுத்துக்கும் போகட்டும். முழுக்கைச் சட்டை இருவருக்கும் வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டியவை

வெயில் கறுப்பு நோயல்ல. மறைத்தால் சில மாதங்களில் குறையும்.
முழுக்கைப் பருத்திச் சட்டையும் கை உறையும் முதல் மருந்து.
நிழல் குட்டையானால் நிழலுக்குப் போங்கள்.
எலுமிச்சை தேய்த்து வெயிலில் போகாதீர்கள்.
விலாசம் இல்லாத டியூப்பை வீட்டில் வைக்காதீர்கள்.
கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் வெளுப்புக் களிம்பு எதையும் தொடக் கூடாது.
அரிப்பு, செதில், மதமதப்பு, வீக்கம் இருந்தால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். இந்தப் பிரசுரத்தைப் படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். உழைக்கும் கை நலமாக இருந்தால் குடும்பம் நலமாக இருக்கும்.